மறுமலர்ச்சியின் இரு நூல்கள்

1453-ஆம் ஆண்டு துருக்கியர் கான்ஸ்டான்டிநோபிளைக் கைப்பற்றினர். அங்கிருந்த கிரேக்க அறிஞர்கள் ஏடுகளோடு இத்தாலிக்கு வந்து சேர்ந்தனர். அதனால் மறுமலர்ச்சி பிறந்தது. பள்ளி வரலாற்றுப் பாடத்தில் மனப்பாடம் செய்து எழுதிய இந்த விடையை நான் பல ஆண்டுகள் ஐயமின்றி நம்பியிருந்தேன். ஆனால் ஆண்டுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தபோது அது நிற்கவில்லை. ஃபுளோரன்ஸ் பேராலயத்தின் மீது புரூனெல்லெஸ்கி எழுப்பிய குவிமாடம் 1436-லேயே எழுந்து நின்றது. புதிய ஓவியமுறையின் முதல் பெரும் கலைஞரான மசாச்சோ, முப்பது வயதைக்கூட எட்டாமல், 1428-ல் இறந்துவிட்டார். திருமுழுக்கு ஆலயத்துக்காகக் கிபெர்த்தி வார்த்த இரண்டாவது வெண்கலக் கதவுகளின் வேலையும் 1452-ல் முடிந்துவிட்டது. கான்ஸ்டான்டிநோபிள் விழுந்தபோது ஃபுளோரன்ஸில் மறுமலர்ச்சிக்கு அரை நூற்றாண்டு வயதாகியிருந்தது.

கிரேக்கக் கல்விகூட அகதிகள் கொண்டுவந்ததன்று. ஃபுளோரன்ஸ் குடியரசின் தலைமைச் செயலராக இருந்த சலுத்தாத்தி முயன்று அழைத்ததன் பேரில், மானுவேல் கிறிசொலோராஸ் 1397-லேயே அங்கு வந்து கிரேக்கம் கற்பித்தார். அதற்கும் முன்பே, 1345-ல், கவிஞர் பெத்ரார்க்கா வெரோனா நகரின் நூலகத்தில் சிசரோவின் கடிதங்களைக் கண்டெடுத்தார். பல நூறு ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன அந்த ரோமானியரின் சினமும் தடுமாற்றமும் அவற்றில் வெளிப்படக் கண்டு மனம் நொந்து, அவருக்கே ஒரு பதில் கடிதமும் எழுதினார். பழம்பெரும் ஆசிரியனைச் சக மனிதனாகக் கருதி உரையாடும் அந்த மனநிலையிலிருந்துதான் மனிதநேயக் கல்வி என்று பின்னர் பெயர் பெற்ற சிந்தனை மரபு வளர்ந்தது. இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் இது ஏட்டின் கதை மட்டுமே. தமிழில் ஏட்டுக்கும் இழைக்கும் நூல் என்ற ஒரே சொல் வழங்குகிறது. மறுமலர்ச்சியைப் பற்றி எழுதுவோர் முதல் நூலைப் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள். கணிதம் கற்பித்துப் பழகிய எனக்கு இரண்டாவது நூலைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

அந்த இழையின் தொடக்கம் கடைவீதியில் இருக்கிறது. வட ஆப்பிரிக்காவின் புஜியா துறைமுகத்தில் பீசா நகர வணிகர்களுக்காகச் சுங்க அலுவல் பார்த்தவரின் மகனான ஃபிபொனாச்சி, அங்கே இந்திய எண்களைக் கற்றார். 1202-ல் அவர் எழுதிய கணித நூல் 'இந்தியர்களின் ஒன்பது இலக்கங்கள்' என்று அவற்றைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தி, அவற்றோடு பூச்சியத்தின் குறியையும் சேர்த்துத் தொடங்குகிறது. புதிய இலக்கங்களை எல்லாரும் உடனே வரவேற்றுவிடவில்லை; ஃபுளோரன்ஸின் நாணயமாற்று வணிகர் சங்கம் 1299-ல் கணக்கேடுகளில் அவற்றால் தொகை எழுதக்கூடாது என்று விதி செய்தது. ஆயினும் தடையையும் மீறி அவை பரவின. 1330-களின் இறுதியில் நகரத்தின் நிலையை விவரித்த வரலாற்றாசிரியர் ஜொவான்னி வில்லானி, 6 கணக்குப் பள்ளிகளில் 1,000 முதல் 1,200 சிறுவர்கள் படித்ததாக எழுதியிருக்கிறார்.

அப்பள்ளிகளில் கற்பித்தவற்றுள் முதன்மையானது 'மூன்றின் விதி'. ஏழு முழத் துணி ஒன்பது காசு என்றால் ஐந்து முழம் என்ன விலை என்பது போன்ற கணக்கு அது. ஆரியபட்டர் 499-ல் திரைராசிகம் என்று சூத்திரமாக்கியதும் இதே விதிதான். ஊருக்கு ஊர் நாணயமும் எடையும் அளவும் வேறுபட்ட இத்தாலியில், கம்பளித் துணியும் பட்டும் விற்றுப் பிழைத்த நகரத்துக்கு இந்த விதி தெரியாமல் ஒருநாள்கூட வணிகம் நடவாது. ஆகவே எழுத்தர், பொற்கொல்லர், நெசவு முதலாளி ஆகியோரின் பிள்ளைகள் ஒரு பொருளைப் பார்த்ததும் அதன் அளவையும் விகிதத்தையும் மனத்தில் போட்டுப் பார்க்கப் பழகினார்கள். நோட்டரி ஒருவரின் மகனாகப் பிறந்து, பொற்கொல்லராகப் பயின்ற புரூனெல்லெஸ்கியும் சிறு வயதில் கணக்குப் பயின்றவர்களில் ஒருவர்.

தட்டையான பரப்பில் தூரத்தைக் காட்டும் தூரக்காட்சி முறைக்காக அவர் செய்த சோதனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. பேராலயத்தின் வாசலுக்குச் சற்று உள்ளே நின்றுகொண்டு, எதிரே தெரியும் எண்கோணத் திருமுழுக்கு ஆலயத்தை, ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் சதுரமுள்ள சிறு பலகையில் வரைந்தார். வானத்தை மட்டும் வண்ணத்தால் தீட்டாமல், அந்த இடத்தில் மெருகேற்றிய வெள்ளியைப் பதித்தார். பலகையில் ஒரு துளையிட்டார். ஓவியம் இருக்கும் பக்கத்தில் மைசூர்ப் பருப்பளவாக இருந்த அத்துளை, பின்பக்கம் ஒரு பொற்காசின் அகலத்துக்கு விரிந்திருந்தது. பார்ப்பவர் பலகையின் பின்பக்கத் துளையில் கண்ணை வைத்து, மறு கையில் ஒரு கண்ணாடியை எதிரே பிடிக்க வேண்டும். கண்ணாடியில் ஓவியம் தெரியும். வெள்ளியில் உண்மையான மேகங்கள் காற்றில் நகர்வதும் தெரியும். அந்தப் பலகை இன்று இல்லை. அதைத் தம் கையில் ஏந்தி, பலமுறை பார்த்ததாக, அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய மனெத்தி சாட்சி சொல்கிறார்.

இதன் உள்ளே இருப்பது விகிதக் கணக்கு. கண்ணிலிருந்து அரை மீட்டர் தொலைவில் ஒரு கண்ணாடிப் பலகை நிற்பதாகக் கொள்வோம். 12 மீட்டர் தொலைவிலுள்ள 6 மீட்டர் உயரத் தூண், அந்தப் பலகையில் 25 சென்டிமீட்டர் உயரமாகப் பதியும். அதே தூண் 24 மீட்டர் தொலைவில் நின்றால் பன்னிரண்டரை சென்டிமீட்டர். மூன்று எண்கள் தெரிந்தால் நான்காவது தானாக வந்துவிடும். துணி விலையைக் கண்டுபிடித்த விதியே தூரத்தையும் கண்டுபிடித்துக் கொடுத்தது. ஒளி நேர்கோட்டில் வந்து கண்ணைச் சேர்கிறது என்பதை விளக்கிய இப்னு அல்-ஹைதமின் ஒளியியல் நூலும் இலத்தீன் வழியாக அவர்களுக்குக் கிடைத்திருந்தது. கிபெர்த்தி தம் குறிப்புகளில் அதிலிருந்து பெருமளவு எடுத்தாண்டிருக்கிறார்.

இந்தக் கணக்கு ஓவியமாக மலர்ந்த இடம், சாந்தா மரியா நொவெல்லா ஆலயத்தின் சுவரில் மசாச்சோ 1420-களின் நடுப்பகுதியில் தீட்டிய 'திரித்துவம்'. அதன் பெரிய அச்சுப்படம் ஒன்றை மேசையில் விரித்து, சிவப்புத் தையல் நூலை வைத்துக் கோடுகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து பார்த்தேன். சிலுவைக்கு மேலே, கூண்டுவண்டியின் கூரைபோல் வளைந்து உள்ளே செல்லும் மண்டபக் கூரையில் கட்டங்கட்டமாகக் குழிவுகள் உள்ளன. அவற்றின் ஓரங்களில் வைத்த நூல் ஒவ்வொன்றும் கீழே இறங்கி, சிலுவையின் அடியில், அதாவது ஆலயத்தின் தரையில் நிற்கும் ஒருவரின் கண்மட்டத்தை ஒட்டிய ஒரே இடத்தில் வந்து கூடியது. முன்னே வந்து நிற்கும் எளிய மனிதரின் கண்ணைக் கொண்டே கடவுளின் மண்டபம் அளக்கப்பட்டிருக்கிறது. மனிதநேயச் சிந்தனையாளர்கள் ஏட்டில் எழுதியதை ஓர் இளைஞர் ஈரச் சாந்தில் செய்து காட்டியதாகவே நான் இதைப் படிக்கிறேன். அவர் பயன்படுத்திய நூலின் தடமும், கூர்முனையால் கீறிய கோடுகளும் அந்தச் சாந்தில் இன்றும் இருக்கின்றன. மரியாவின் முகத்தில்கூட அளவெடுத்து வரைவதற்காகக் கீறிய கட்டங்கள் தெரிகின்றன. 1570 வாக்கில் இதன்முன் ஒரு பீடம் கட்டப்பட்டு ஓவியம் மறைந்துபோனது. கிட்டத்தட்ட 300 ஆண்டுகள் கழித்தே அது மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது.

பட்டறையில் பிறந்த இந்த அறிவுக்கு ஏட்டில் இடம் கிடைத்தது ஆல்பெர்த்தியால். இலத்தீனில் தேர்ந்த அவர், 1435-ல் ஓவியத்தைப் பற்றி இலக்கண நூல் ஒன்றை எழுதினார். அதன் இத்தாலிய வடிவத்தைப் புரூனெல்லெஸ்கிக்கே காணிக்கையாக்கினார். இரு நூல்களும் முடிச்சிட்டுக்கொண்ட தருணம் என்று நான் கருதுவது இதைத்தான். அதன்பிறகு கைத்தொழிலாளியாக எண்ணப்பட்ட ஓவியன் மெல்ல மெல்ல அறிஞர் அவையில் இடம் கேட்கத் தொடங்கினான். சான்செபோல்க்ரோவில் பிறந்த பியெரோ தெல்லா ஃபிரான்செஸ்கா, பீப்பாயின் கொள்ளளவைக் கணக்கிடுவது உட்பட வணிகர்களுக்கான கணக்கு நூலையும், ஓவியர்களுக்கான தூரக்காட்சி நூலையும் ஒரே கையால் எழுதினார். 1506-ல் வெனிஸில் தங்கியிருந்த ஜெர்மானிய ஓவியர் ட்யூரர், தூரக்காட்சியின் இரகசியத்தைக் கற்பதற்காகப் பொலோஞ்ஞாவுக்குக் குதிரையில் செல்லப்போவதாக நண்பருக்கு எழுதினார். கற்றதை 1525-ல் தம் நாட்டு மொழியில் அச்சிட்டுப் பொதுவாக்கினார்.

பியெரோவின் ஊர்க்காரரான லூகா பாச்சோலி, ஒவ்வொரு தொகையையும் பற்று, வரவு என இரு இடங்களில் எழுதும் இரட்டைப் பதிவுக் கணக்குமுறையை முதன்முதலாக அச்சில் விளக்கிய தம் பெருநூலை 1494-ல் வெனிஸில் வெளியிட்டார். அதை விலை கொடுத்து வாங்கியவர்களில் லியோனார்டோ தா வின்சியும் ஒருவர். 1496-ல் பாச்சோலி மிலானுக்கு வந்து சேர்ந்தபோது, லியோனார்டோ அங்கே துறவியர் மடம் ஒன்றின் உணவறைச் சுவரில் இயேசுவின் இறுதி இராவுணவைத் தீட்டிக்கொண்டிருந்தார். வர்க்கமூலம் போன்ற மூலங்களைப் பெருக்கும் முறையை லூகாவிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். அந்த ஓவியத்தின் சுவர்களும் கூரைக் கட்டங்களும் ஓடிச் சேரும் இடம் இயேசுவின் நெற்றிப்பொட்டு. பிற்காலத்தில் சுவரைத் துப்புரவு செய்து பார்த்தவர்கள், அங்கே லியோனார்டோ நூலைக் கட்டுவதற்காக அறைந்த ஆணியின் சிறு துளையைக் கண்டார்கள்.