நீலம் கெட்ட இரத்தமல்ல

இன்று காலை வெள்ளவத்தையில் அம்மாவின் காலுக்கு டொப்ளர் ஸ்கேன்; காதுக்குக் கேட்காத ஒலியலைகளால் குருதியோட்டத்தைப் பார்க்கும் சோதனை. திரையில் குருதி சிவப்பாகவும் நீலமாகவும் ஓடியது.

"நீலம் கெட்ட இரத்தமோ, டொக்டர்?" என்று அம்மா கேட்டார்.

"இல்லை அம்மா. கருவியை நோக்கி வருவது சிவப்பு, விலகிப் போவது நீலம். அவ்வளவுதான்."

இந்த ஒலி பார்ப்பதோடு நிற்பதில்லை என்பதுதான் என் நெடுநாள் வியப்பு.

கொழுப்பு உறைக்குள் அடைபட்ட, செங்குருதிக் கலத்திலும் சிறிய வாயுக்குமிழிகளை நாளத்தில் செலுத்தினால், ஒலியலையின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப அவை வினாடிக்கு இலட்சக்கணக்கான தடவைகள் சுருங்கி விரிகின்றன. அலை மிதமாக இருந்தால், அந்த அதிர்வு நாளச்சுவரின் உட்கலங்களைத் தூண்டி நைட்ரிக் ஒக்சைட்டைச் சுரக்கச் செய்து, நாளம் தளர்ந்து குருதியோட்டம் கூடுவதை விலங்குகளில் கண்டிருக்கிறார்கள்.

ஒலியலையின் அழுத்தத்தை உயர்த்தினால் கதையே வேறு: குமிழிகள் குலைந்து, நுண்நாளங்களைச் சிதைத்து, புற்றுக்கட்டிக்குச் செல்லும் ஓட்டத்தையே நிறுத்திவிடக்கூடும்.

2015இல் டொரொன்டோவில், மூளைக்கட்டி உள்ள ஒருவரின் குருதி-மூளைத் தடுப்பை (குருதியிலுள்ள பல பொருட்களை மூளைக்குள் புகவிடாத நாளச்சுவர்க் காப்பை), மண்டையோட்டைத் திறக்காமலே, இதே குமிழிகளைக் கொண்டு தற்காலிகமாகத் திறந்தார்கள்.

ஆனால் ஒவ்வொருவரின் மண்டையோடும் ஒலியை வெவ்வேறு அளவில் விழுங்குவதால், பொதுவான ஓர் அழுத்தத்தை நம்பி இறங்க முடியாது. குமிழிகள் திருப்பியனுப்பும் ஒலியைக் கேட்டுக் கேட்டே அதைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டியிருக்கிறது.