எங்கள் முடக்குக்கு வேலி வாங்கிய அனுபவம்

போன வாரம்தான் எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் முடக்கில், பஸ் பாதை வளையும் இடத்தில், இரும்பு வேலி போட்டு முடித்தார்கள். எட்டு மாதம் அலைந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

2025 மே மாதம் கொத்மலை கரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபது பேருக்கு மேல் இறந்த பிறகு, வேலி கேட்டு மனு எழுதினேன். என் மகள் போகும் பஸ்ஸும் அப்படியொரு பள்ளத்தை ஒட்டித்தான் திரும்புகிறது. கையெழுத்தெல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சேர்ந்துவிட்டது.

ஏ, பி தரப் பாதைகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி தரம் மாகாணத்துக்கு. எங்கள் பாதை எந்தத் தரம் என்று விசாரிக்காமல் போய்விட்டேன். மனுவை வாங்கிய கிளார்க் ஏழு வாரம் வைத்திருந்துவிட்டு, "இது எங்க பாதை இல்லையே" என்றார். அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். பஸ் காசும் ஒரு நாள் சம்பளமும் போனது. மனுக் கொடுக்கும்போதே திகதி முத்திரை குத்திய பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த அலுவலகத்தில், மனு வரவே இல்லை என்றவர் அந்தப் பிரதியைப் பார்த்த பிறகுதான் எழுந்து தேடினார்.

அளக்க வந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் பொறுமையாக விளக்கினார். வாகனத்தை மோதவிட்டுத்தான் வேலியைத் தரம் பிரிப்பார்களாம். ஈஎன் 1317 என்ற ஐரோப்பியத் தரத்தில், என்2 வகைக்கு 1,500 கிலோ கார் மணிக்கு 110 கிலோமீற்றரில் 20 பாகைக் கோணத்தில் மோதும். எச்2 வகைக்கு 13 தொன் பஸ், 70 கிலோமீற்றர். காரைத் தாங்கும் வேலி பஸ்ஸையும் தாங்கும் என்று நம்பிவிடாதீர்கள். "பஸ் ஓடும் பாதை" என்று மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள். நான் எழுதாததால் திட்டத்தை மாற்ற இன்னும் இரண்டு மாதம் பிடித்தது.

வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் மூட்டில், வாகனம் வரும் பக்கத்துத் தகடுதான் பாதையைப் பார்த்து வெளியே இருக்க வேண்டும். மாறினால் அந்த விளிம்பு வண்டியைக் கொக்கி போட்டு இழுக்கும். முதல் மூன்று மூட்டும் மாறித்தான் இருந்தன. போனில் படம் எடுத்துக் காட்டியதும், "சரிங்க அண்ணே, கழட்டுறோம்" என்றார் மேற்பார்வையாளர்.

அப்புறம் தூண்கள். பள்ளத்து விளிம்பிலேயே குழி தோண்டியிருந்தார்கள். மழை ஈரத்தில் என் கால் பட்டதுமே மண் உதிர்ந்து கீழே தேயிலைச் செடிகளுக்குள் விழுந்தது. பின்னால் மண் பிடிப்பு இல்லாத தூண் எதைத் தாங்கும்? வாக்குவாதம் பண்ணி இரண்டடி உள்ளே தள்ள வைத்தேன்.

வண்டிகள் வரும் பக்கத்து முனை மட்டும் இன்னும் மொட்டைத் தகடாக நிற்கிறது. மோதினால் ஈட்டி மாதிரி வண்டிக்குள் இறங்கும். மோதிச் சோதித்த முனைப் பாகங்கள் தனியாக உண்டு. அதைக் கேட்டு அடுத்த மனுவும் எழுதிவிட்டேன். திங்கட்கிழமை கொடுக்கப் போகிறேன், இரண்டு பிரதியோடு.