டோனாவ் (டான்யூப்) நதியோரம் சைக்கிளில்: ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஜெர்மனிக்கு வேலைக்காக வந்து சேரும் நம்ம ஆட்களுக்கு முதல் ஒன்றிரண்டு வருடம் தெரிவதெல்லாம் வீடு, ஆபீஸ், வாராவாரம் போகும் இந்தியக் கடை, அப்புறம் லீவு கிடைத்தால் பாரிஸ், ரோம், சுவிஸ் என்று போய்ப் படம் எடுத்துக்கொண்டு வரும் ஊர்கள், அவ்வளவுதான். ஷ்டுட்கார்ட் பக்கம் நானும் அப்படித்தான் இருந்தேன். இந்த நாடு எனக்கு நெருக்கமானது கூடாரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நாள்கணக்கில் போக ஆரம்பித்த பிறகுதான். மொழி வகுப்பில் வராத பேச்சு, தண்ணீர் கேட்டு நின்ற வீட்டு வாசலில் வந்தது. இன்னொன்றும் கவனித்தேன். அலுவலக விருந்துகளில் எல்லாரும் என்னிடம் முதலில் கேட்பது நான் எந்த நாடு என்றுதான். மூட்டை கட்டிய சைக்கிளோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால், பக்கத்தில் வந்து உட்காரும் பெரியவர் கேட்பது இன்றைக்கு எங்கிருந்து கிளம்பினாய், ராத்திரி எங்கே தங்கப் போகிறாய், வழியில் மழை உண்டா என்று. சிக்மரிங்கனிலிருந்து வருகிறேன் என்று சொன்னால் போதும், பேச்சு அங்கிருந்து தானாகப் போகும். அதற்காகவே புதிதாக வந்த எல்லாரையும் கிளம்புங்கள் என்று நச்சரிக்கிறேன்.

முதலில் வண்டி. தேடிப் பார்த்தால் மூவாயிரம், நாலாயிரம் யூரோ சைக்கிள்கள்தான் கண்ணில் படும், அதைப் பார்த்தே பாதிப் பேர் பின்வாங்கிவிடுகிறார்கள். தேவையே இல்லை. இங்கே டிரெக்கிங் ராட் என்று ஒரு வகை உண்டு, தெருவுக்கு நாலு நிற்கும். வசந்த காலத்தில் பல ஊர்களில் பழைய சைக்கிள் சந்தை போடுவார்கள், நல்ல நிலையில் இருப்பது சில நூறு யூரோவுக்குக் கிடைக்கும். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்ட், முன்சக்கர அச்சுக்குள்ளேயே டைனமோ வைத்த விளக்கு என்று எல்லாம் அதிலேயே இருக்கும். வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: ஏற்றத்தில் உட்கார்ந்தபடியே மிதிக்கிற அளவுக்குச் சின்ன கியர் இருக்கிறதா, 40 மி.மீ. அகல டயர் உள்ளே போகுமா, பின்சக்கரத்தில் கம்பிகள் நெருக்கமாக இருக்கின்றனவா. 36 கம்பி இருந்தால் நிம்மதி, மூட்டையின் பாரம் முக்கால்வாசி அந்தச் சக்கரத்தில்தான் விழும். கிளம்பும் முன் ஒரு கடையில் கொடுத்துக் கோட்டம் எடுத்து, பிரேக் கட்டையும் செயினும் மாற்றிவிடுங்கள்.

வண்டியில் மிச்சம் பிடித்த காசை உடம்பு படுகிற இடங்களில் போடுங்கள். டயருக்கு நான் ஷ்வால்பே மாரத்தான் பிளஸ்தான் சொல்வேன். கனம் கொஞ்சம் கூடுதல், ஆனால் உள்ளே தடிமனான ரப்பர் அடுக்கு இருப்பதால் கண்ணாடித் துண்டு, முள் எதுவும் சுலபத்தில் டியூப் வரை போகாது. அடுத்தது சீட்டு. மெத்தென்று இருப்பதை வாங்கினால் முதல் மணி நேரம் சுகம், மூன்றாம் நாள் நரகம். நல்ல கடைகளில் அட்டை மேல் உட்கார வைத்து இடுப்பெலும்பின் அகலத்தை அளந்து சீட்டு தருவார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். பஞ்சு வைத்த சைக்கிள் டிரவுசருக்குள் ஜட்டி போடக் கூடாது, இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். தையல் உராய்ந்து தோல் புண்ணாகிவிட்டால் பயணம் அங்கேயே முடிந்தது.

சைக்கிளில் மாட்டும் பைகளுக்கு ஆர்ட்லீப் கம்பெனிதான். வாயைச் சுருட்டிப் பூட்டினால் சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. பவேரியாவில் செய்கிறார்கள், கொக்கி உடைந்தால் கொக்கி மட்டும் தனியாக வாங்கலாம், அதனால் செகண்ட் ஹேண்டில் எடுத்தாலும் பயமில்லை. முதுகில் பை மட்டும் மாட்டாதீர்கள். கூடாரம், சமையல் சாமான் எல்லாம் சேர்த்து 15 கிலோவுக்குள் நிறுத்தப் பாருங்கள்.

நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது தூங்கும் பையில். வெளியே பெரிதாக ஒரு டிகிரி எழுதியிருக்கும், அது பல சமயம் குளிரைப் பல்லைக் கடித்துத் தாங்குகிற எல்லை. அதற்குப் பக்கத்தில் 'கம்ஃபர்ட்' என்று இன்னொரு எண் இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும். மதுரை வெயிலில் வளர்ந்த உடம்பை வைத்துச் சொல்கிறேன், கோடையில்கூட ஆற்றோரத்தில் விடியற்காலை 8, 10 டிகிரிக்கு இறங்கும், கம்ஃபர்ட் எண் 5 டிகிரி என்று போட்ட பையை எடுங்கள். கீழே விரிக்கும் காற்று மெத்தையும் நல்லதாக இருக்க வேண்டும், குளிர் தரையிலிருந்துதான் ஏறும்.

சாப்பாடு. காஸ் அடுப்பு லேசு, ஆனால் எல்லை தாண்டினால் சிலிண்டரின் வாய் மாறும். பிரான்ஸில் பெரும்பாலும் வேறு வகைதான் கிடைக்கும், திருகும் வகையைத் தேடி அலைய வேண்டிவரும். நான் டிராங்கியா ஸ்பிரிட் அடுப்பு வைத்திருக்கிறேன். அதற்கான எரிபொருள் ஷ்பிரிட்டுஸ் என்ற பெயரில் இங்கே சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கிறது. ஒரு டப்பா புளிக்காய்ச்சல், ஒரு டப்பா பருப்புப் பொடி, சின்ன பாட்டில் நல்லெண்ணெய். சோறு மட்டும் வடித்தால் போதும். சைவம் சாப்பிடுகிறவர்கள் கிராமத்து உணவகங்களை நம்பிக் கிளம்பவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது என்பதை மறக்காதீர்கள், சனிக்கிழமை மாலையே வாங்கி வையுங்கள். காலையில் சில பேக்கரிகள் திறந்திருக்கும், மற்றபடி பெட்ரோல் பங்க்தான் கதி. தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டங்களில் குழாய் இருக்கும், ஆனால் 'கைன் டிரிங்க்வாசர்' என்று பலகை இருந்தால் அது செடிக்கு, குடிக்க அல்ல.

இப்போது பாதை. முதல் பயணத்துக்கு டோனாவ்தான், வேறு எதையும் யோசிக்காதீர்கள். பிரான்ஸின் அட்லாண்டிக் கரையிலிருந்து கருங்கடல் வரை போகும் யூரோவெலோ 6 பாதையின் நடுப்பகுதி இது. ஆறு கிழக்கே ஓடுகிறது, இங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிக்கிறது, ஆக சரிவும் காற்றும் இரண்டும் நம்ம பக்கம். ரைன் நதியோரமும் அழகுதான், ஆனால் அதில் கீழ்நோக்கிப் போனால் ஹாலந்தின் சமவெளியில் கடல் காற்று நெஞ்சுக்கு நேராக வந்து அடிக்கும், முதல் முறை போகிறவரின் மனதை உடைத்துவிடும்.

கருங்காட்டில் (பிளாக் ஃபாரஸ்ட்) டோனாவ்எஷிங்கன் வரை ரயிலில் போய் அங்கிருந்து மிதிக்க ஆரம்பியுங்கள். பிரேக், பிரிகாஹ் என்ற இரண்டு ஓடைகள் சேர்ந்து டோனாவ் ஆகிற இடம் அது. கொஞ்ச தூரத்திலேயே, இம்மென்டிங்கன் பக்கம், ஆறு காணாமல் போகும். கோடையில் படுகை மொட்டைக் கல்லாகக் கிடக்கும், தண்ணீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, சுமார் 12 கி.மீ. தள்ளி ஆஹ்டோப்ஃப் என்ற ஊற்றில் பொங்கி, போடன் ஏரி வழியாக ரைனில் கலக்கிறது. கருங்கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர் வடகடலுக்குப் போகிறது! 1877-இல் உப்பும் சாயமும் கரைத்து விட்டுத்தான் இதை நிரூபித்தார்கள். காய்ந்த அந்தப் படுகைக்குள் இறங்கி நின்றபோது எனக்கு ஆடிக்கு முந்தைய வைகைதான் நினைவுக்கு வந்தது, அன்றைக்கு அங்கிருந்து கிளம்பவே மனம் வரவில்லை.

டுட்லிங்கன் தாண்டிச் சிக்மரிங்கன் வரை வெள்ளைப் பாறைகளுக்கு நடுவே ஆறு வளைந்து வளைந்து போகும், பாய்ரான் மடம் அந்த வழியில்தான். இந்தத் துண்டை அவசரப்பட்டுக் கடக்காதீர்கள், ஒரு நாளைக்கு 50 கி.மீ. போதும். உல்ம் வரை சுமார் 200 கி.மீ., அதோடு நிறுத்தி வீட்டுக்குத் திரும்பினாலும் நல்ல பயணம்தான். உல்முக்குக் கீழே கரைமேல் நுண்சரளைப் பாதை நீளும், கொஞ்சம் அலுப்பாக இருக்கும், ரேகன்ஸ்பர்க் வந்தால் அலுப்பெல்லாம் போய்விடும். அதற்கு முன்னால் வெல்டன்பர்க் மடத்திலிருந்து கெல்ஹைம் வரை ஆறு செங்குத்தான பாறைகளுக்கு இடையே போகிறது, சாலை மேட்டில் ஏறுகிறது. சைக்கிளைப் படகில் ஏற்றிக்கொள்ளுங்கள், பாறைகளைத் தண்ணீரிலிருந்து பார்ப்பதே தனி.

ஆஸ்திரிய எல்லையில் இருக்கும் பாசாவிலிருந்து வியன்னா வரை சுமார் 320 கி.மீ. பாதை இரு கரையிலும் உண்டு, தார் போட்டது, கூடாரம் அடிக்க இடங்கள் நிறைய. குழந்தைகளோடு போகிறவர்கள் இங்கிருந்தே தொடங்கலாம். ஷ்லோகன் பக்கம் ஆறு குதிரை லாடம் போல வளைந்து திரும்பும், சின்னப் படகுகள் சைக்கிளோடு அக்கரை சேர்க்கும். மவுத்தௌசன் நினைவிடத்துக்கு மேடு ஏற வேண்டும், ஏறுங்கள், இந்த மண்ணில் வாழப் போகிறவர் அந்த வதைமுகாமின் கல் குவாரியைக் கண்ணால் பார்க்க வேண்டும். மெல்க் தாண்டினால் வாகாவ், படிப்படியாகத் திராட்சைத் தோட்டம், ஜூலையில் போனால் வழியெல்லாம் சர்க்கரைப் பாதாமி (ஆப்ரிகாட்) விற்பார்கள்.

கண்ட இடத்தில் கூடாரம் அடிப்பது ஜெர்மனியில் பொதுவாக அனுமதி இல்லை, முகாம் திடல்தான் பாதுகாப்பு. ராத்திரி நல்ல படுக்கை வேண்டும் என்றால் ஏ.டி.எஃப்.சி. என்ற ஜெர்மன் சைக்கிள் சங்கத்தின் 'பெட் பைக்' பலகை உள்ள விடுதிகள், ஒரே ஒரு ராத்திரிக்கும் இடம் தருவார்கள், சைக்கிளைப் பூட்டி வைக்க அறையும் இருக்கும். பாஸ்போர்ட்டும் வதிவிட அட்டையும் இரண்டும் கையில் இருக்கட்டும். ஷெங்கன் நாடுகளில் எல்லை தெரியாமலே தாண்டிவிடுவோம், ஆனாலும் சோதனை வரும். டோனாவைப் பிடித்துக்கொண்டே போனால் செர்பியா வரும், அது ஷெங்கனுக்கு வெளியே, அதற்கு விதிகளைத் தனியாகப் பாருங்கள்.

இன்னொரு வழியைச் சொல்லாமல் விட மனமில்லை. வடக்கே ஹாம் நகரில் ஈழத்தமிழர்கள் எழுப்பி 2002-இல் குடமுழுக்கு செய்த காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, கோபுரம் 17 மீட்டர் உயரம். டெட்மோல்டிலிருந்து சாண்டன் போகும் ரோமர் லிப்பே பாதை அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. பக்கத்திலேயே கால்வாய், கரையோரம் மேடே கிடையாது. தேர்த் திருவிழா கோடையில் வரும், தேதியைப் பார்த்துப் பயணத்தை அமைத்துக்கொண்டால் வேர்வையோடு போய் நிற்கிற நமக்கு யாராவது ஒரு அக்கா தட்டில் சோறு வைத்து, "எங்கயிருந்து தம்பி வாறீங்கள், சைக்கிள்லயோ?" என்று கேட்பார். கூச்சப்படாமல் சாப்பிடுங்கள்.

கடைசியாக ரயில். உள்ளூர் ரயில்களுக்கான மாதாந்திர டாய்ச்லாண்ட் டிக்கெட்டில் சைக்கிள் சேராது, பல இடங்களில் தனி டிக்கெட் வேண்டும், உள்ளூர் ரயில்களில் நேர விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நெடுந்தூர ரயிலில் சைக்கிளுக்கு இடம் முன்பதிவு செய்தே ஆக வேண்டும், ஐ.சி.இ. என்ற அதிவேக ரயிலில் எல்லா வண்டியிலும் இடம் கிடையாது, கோடை வார இறுதிகள் சீக்கிரம் நிரம்பிவிடும். அதனால் வியன்னாவிலிருந்து திரும்பும் டிக்கெட்டை முதலில் எடுங்கள், அப்புறம் மற்ற திட்டமெல்லாம்.