வாட்ஸ்அப்பை விட்டுப் போனவர்கள் ஏன் திரும்பினார்கள்

ஒரு சமூகத் தளத்தின் மீது மக்களுக்கு நம்பிக்கை போய்விட்டால் அவர்கள் மறுபடியும் அங்கே வருவார்களா என்ற பேச்சு எழும்போதெல்லாம், "வாட்ஸ்அப்பைப் பாருங்கள், எல்லோரும் திரும்பிவிட்டார்களே" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். வந்தது உண்மைதான். ஆனால் திரும்பி வந்ததாலேயே நம்பிக்கையும் திரும்பியதாகக் கணக்குப் போடுவது தவறு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஊருக்கு ஒரே ஒரு பேருந்துதான் ஓடுகிறது என்றால், அதில் தினமும் ஏறுகிறவர்களுக்கெல்லாம் ஓட்டுநர் மீது நம்பிக்கை இருப்பதாகச் சொல்லிவிட முடியாது.

2021 ஜனவரி முதல் வாரத்தில் வாட்ஸ்அப்பைத் திறந்தவர்களுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. பிப்ரவரி 8-ஆம் தேதிக்குள் புதிய தனியுரிமைக் கொள்கையை ஏற்க வேண்டும், ஏற்காவிட்டால் செயலியைத் தொடர்ந்து பயன்படுத்த முடியாது என்பதே அதன் சாரம். நியாயமாகச் சொன்னால், நாம் நம் வீட்டாருடன் பேசும் செய்திகள் அன்றும், இடையில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டே இருந்தன. அவற்றைப் படிக்கும் உரிமை எதையும் அந்தக் கொள்கை நிறுவனத்துக்குத் தரவில்லை. மாற்றம் பெரும்பாலும் வணிக நிறுவனங்களோடு நடக்கும் உரையாடல்களைப் பற்றியது. அப்படியிருந்தும் மக்கள் அவ்வளவு கொதித்ததற்குக் காரணம், அந்த நிறுவனம் அதற்கு முன் நடந்துகொண்ட விதம். 2014-இல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாட்ஸ்அப்பை வாங்கியபோது எதுவும் மாறாது என்று சொல்லப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 2016 ஆகஸ்டில், பயனர்களின் தொலைபேசி எண் உள்ளிட்ட விவரங்கள் ஃபேஸ்புக்குடன் பகிரப்படும் என்ற அறிவிப்பு வந்தது. இரண்டு சேவைகளின் கணக்குகளையும் தானாக இணைப்பது குறித்துக் கொள்முதலின்போது தவறான தகவல் கொடுத்ததற்காக ஐரோப்பிய ஆணையம் 2017-இல் ஃபேஸ்புக்குக்கு 11 கோடி யூரோ அபராதம் விதித்தது. வாட்ஸ்அப்பை நிறுவிய இருவரில் ஒருவரான பிரையன் ஆக்டன் வெளியேறி, வாட்ஸ்அப்பைப் போன்ற இன்னொரு செயலியான சிக்னலை நடத்தும் அறக்கட்டளைக்கு 2018-இல் 5 கோடி டாலர் கொடுத்ததோடு, ஃபேஸ்புக்கை நீக்குங்கள் என்று வெளிப்படையாகவே எழுதினார். கட்டியவரே வெளியேறிய வீட்டில் குடியிருக்கத் தயங்குவது மக்களின் அறியாமை ஆகாது.

அந்த ஜனவரியில் சிக்னலை நிறுவியவர்களுக்கு, நம் தொடர்புப் பட்டியலில் உள்ள இன்னார் சேர்ந்துவிட்டார் என்ற சிறு அறிவிப்பு நாள் முழுக்க வந்துகொண்டே இருந்தது நினைவிருக்கும். வந்து குவிந்த கூட்டத்தைத் தாங்க முடியாமல் சிக்னல் ஜனவரி 15 அன்று முடங்கிப்போனது. வாட்ஸ்அப் நம் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து விளக்கம் சொன்னது. கெடுவை மே 15-க்குத் தள்ளிவைத்தது. எங்கள் குடும்பத்திலும் என் சித்தப்பா மகன் சிக்னலில் ஒரு குழு தொடங்கினான். பெரியம்மாவுக்கு ஃபோனிலேயே ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொடுத்து, குறுஞ்செய்தியில் வந்த எண்ணைப் போட வைத்து, அவரையும் சேர்த்துவிட்டான். பெரியம்மா சேர்ந்த அன்று காலை வணக்கம் அனுப்பினார், நாங்கள் எல்லோரும் பதில் அனுப்பினோம். ஆனால் பள்ளிக்கூடத்தின் வீட்டுப்பாடம், அடுக்குமாடிச் சங்கத்தின் தண்ணீர் லாரி அறிவிப்பு, மளிகைக் கடையின் பாக்கிக் கணக்கு, அத்தை வீட்டுக் கல்யாணப் பத்திரிகை எல்லாம் பழைய இடத்திலேயே வந்துகொண்டிருந்தன. ஒரு குடும்பம் நினைத்தால் இடம் மாறிவிடலாம். ஆனால் அந்தக் குடும்பத்தோடு தொடர்புடைய பால்காரர் முதல் வகுப்பாசிரியர் வரை அனைவரும் ஒரே வாரத்தில் மாறினால்தான் அந்த மாற்றம் நிலைக்கும். அப்படி நடக்கவில்லை. யாரும் முடிவெடுத்துக் கலைக்காமலே அந்தக் குழு ஓய்ந்துபோனது.

இதற்கு நேர்மாறாக நடந்தது டிக் என்ற அமெரிக்கத் தளத்தின் கதை. 2004-இல் கெவின் ரோஸும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய அந்தத் தளத்தில், வாசகர்களே செய்திகளைக் கொண்டுவந்து சேர்த்து, வாக்களித்து முதல் பக்கத்துக்கு ஏற்றுவார்கள். பிடிக்காததைப் புதைப்பதற்கும் ஒரு பொத்தான் இருந்தது. 2010 ஆகஸ்டில் தளத்தை முற்றிலும் மாற்றியமைத்தபோது அந்தப் பொத்தானை எடுத்துவிட்டார்கள். பத்திரிகை நிறுவனங்கள் தங்கள் செய்திகளைத் தானியங்கியாகவே கொண்டுவந்து கொட்டவும் வழி செய்தார்கள். எது முதல் பக்கத்துக்கு வரவேண்டும் என்பதை நாம்தான் தீர்மானிக்கிறோம் என்று நம்பியிருந்தவர்களிடமிருந்து அந்த அதிகாரம் ஒரே நாளில் பறிபோனது. சில நாட்களுக்குள் அவர்கள் தங்கள் எதிர்ப்பைக் காட்டிய விதம் அபாரமானது. அவர்கள் கையில் மிச்சமிருந்த வாக்குகளைக் கொண்டே, டிக்கின் முதல் பக்கத்தைப் போட்டித் தளமான ரெடிட்டின் இணைப்புகளால் நிரப்பினார்கள். பிறகு அங்கேயே போய்விட்டார்கள். நிர்வாகம் தவறை ஒப்புக்கொண்டு பழைய வசதிகள் சிலவற்றை மீட்டுக்கொடுத்தபோதும் போன கூட்டம் வரவில்லை. 2012-இல் தளமும் அதன் பெயரும் ஏறக்குறைய 5 லட்சம் டாலருக்குக் கைமாறியதாகச் செய்திகள் வந்தன. 2025 மார்ச்சில் கெவின் ரோஸ், ரெடிட்டை நிறுவியவர்களில் ஒருவரான அலெக்சிஸ் ஓஹானியனோடு சேர்ந்து அதைத் திரும்ப வாங்கினார்.

டிக்கின் பயனர்கள் வாட்ஸ்அப் பயனர்களைவிட மானமுள்ளவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. டிக்கில் ஒருவரையொருவர் நேரில் அறியாதவர்களே கூடியிருந்தார்கள். அத்தை வீட்டுப் பத்திரிகை அங்கே வராது. போக ஓர் இடம் தயாராக இருந்தது, போவதால் இழக்க வேண்டியதும் அதிகமில்லை. எனவே மனக்கசப்பு வந்ததும் கால்களும் நகர்ந்தன. வாட்ஸ்அப்பிலோ மனம் விலகியபோதும் கால்களால் நகர முடியவில்லை. 2025 செப்டம்பர் இறுதியில் ஜோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' என்ற செய்திச் செயலியை ஏராளமானோர் பதிவிறக்கி, ஆப் ஸ்டோரின் சமூக வலைத்தளப் பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுபோனபோதும் எனக்கு இதே எண்ணம்தான் வந்தது. நம் மண்ணிலிருந்து எழுந்த அந்தச் செயலி நன்றாக வளர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆனால் அதன் எதிர்காலத்தைப் பதிவிறக்க எண்ணிக்கை தீர்மானிக்காது. பள்ளிக்கூடமும் மளிகைக் கடையும் எங்கே இருக்கின்றன என்பதே தீர்மானிக்கும்.

திரும்பி வந்தவர்களிடம் நான் காணும் மாற்றம், நிறுவனங்கள் வெளியிடும் எந்தக் கணக்கிலும் தெரியாத ஒன்று. சொத்து விவகாரமோ உடல்நலப் பிரச்சினையோ எழுந்தால், "இதை இங்க போட வேண்டாம், ஃபோன்ல சொல்றேன்" என்று எங்கள் உறவினர்கள் எழுதுகிறார்கள். ஆதார் அட்டையின் படத்தைக் கேட்டால், நேரில் தருகிறேன் என்கிறார்கள். முன்பு மனம்விட்டு நீளமாக எழுதிய என் நண்பர் ஒருவர் இப்போது கட்டைவிரல் படத்தோடு நிறுத்திக்கொள்கிறார். இவர்கள் எல்லோரும் தினமும் செயலியைத் திறக்கிறார்கள், ஆகவே நிறுவனத்தின் பார்வையில் ஒருவர்கூடக் குறையவில்லை. மனிதர்கள் தங்களில் எவ்வளவைக் கொண்டுவந்து அங்கே வைக்கிறார்கள் என்பதில்தான் குறைவு ஏற்பட்டிருக்கிறது. அந்தக் குறைவு எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது. ஏனென்றால் தூரத்தில் இருக்கும் உறவுகளுக்கு அந்த இடத்தை விட்டால் வேறு திண்ணை இல்லை.

இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில், ஏற்றுக்கொள் அல்லது வெளியேறு என்ற அந்த 2021 நிபந்தனை ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதாகும் என்று கூறி, மெட்டா எனப் பெயர் மாறிய ஃபேஸ்புக் நிறுவனத்துக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அபராதத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதன் அடிப்படையில் உள்ள எண்ணம்: வெளியேற வழியில்லாதவரிடம் வாங்கும் சம்மதம் சம்மதமே அல்ல. ஐரோப்பாவின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், வாட்ஸ்அப் தன் கதவைப் பிற செயலிகளுக்கும் திறந்து, அங்கிருப்பவர்களோடு இங்கிருந்தே பேச வழி செய்ய வேண்டும் என்று கட்டாயப்படுத்தியிருக்கிறது. அத்தகைய ஏற்பாடு இந்தியாவுக்கும் வர வேண்டும். பெரியம்மா சிக்னலிலோ அரட்டையிலோ இருந்தபடியே வகுப்பாசிரியருக்கும் மளிகைக் கடைக்கும் செய்தி அனுப்ப முடிகிற நாளில் எத்தனை பேர் வாட்ஸ்அப்பில் தங்குகிறார்கள் என்று பார்த்தால், நம்பிக்கை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது அப்போது தெரியும்.