செங்காந்தள் சிவக்கும் வரை

அக்டோபர் 28, தாராபுரம் பக்கம்

மாமா தோட்டத்துக் கிளுவை வேலியில் காந்தள் கொடி ஏறிக் கிடக்கிறது. விதைக்காக வளர்ப்பது வயலுக்குள்ளே. இது தானாக முளைத்தது. எனக்கு இதுதான் வசதி, சுற்றிச் சுற்றி வந்து படம் எடுக்கலாம். இலை நுனியே சுருண்டு கொக்கியாகி முள்ளைப் பிடித்திருக்கிறது. ஒரு மொட்டு தலைகீழாகத் தொங்குகிறது, முழுப் பச்சை. அது சிவக்கும் வரை தொடர்ந்து எடுக்கப் போகிறேன். ஃபிளாஷ் வேண்டாம். இதழ் ஓரத்தில் இருக்கும் அந்த நெளிவைக் காட்ட வானத்து வெளிச்சமே போதும்.

அக்டோபர் 30

விரிந்துவிட்டது! ஆறு இதழும் பின்னால் மடங்கி மேல்நோக்கி நிற்கின்றன. இன்னும் பச்சைதான், அடியில் மட்டும் மஞ்சள் ஏறுகிறது.

காலையிலிருந்தே மேகமூட்டம். இந்த இளம்பச்சைக்கு இதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. நாலாபுறமிருந்தும் ஒளி பரவி வருவதால் நிழல் கறுத்து விழுவதில்லை. ஆனால் வெளிச்சம் குறைவு. சின்னதை நெருங்கி எடுக்கும் மேக்ரோ லென்ஸில், பூவின் பிம்பம் சென்சாரில் (கேமராவுக்குள் ஒளி பதியும் தகடு) நிஜ அளவிலேயே விழும்படி நெருங்கினால், அங்கே விழும் ஒளி இன்னும் கால் பங்காகிவிடும். அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித்துளையை, எஃப் 8 அளவுக்குச் சுருக்கி வைத்தாலும், பெரிய சென்சார் உள்ள என் ஃபுல் ஃபிரேம் கேமராவில் துல்லியமாக விழும் ஆழம் சுமார் 1 மில்லிமீட்டர்தான்.

அந்த 1 மில்லிமீட்டரை எதற்குக் கொடுப்பது? காந்தளின் சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாகத் திரும்பிப் பக்கவாட்டில் நீள்கிறது. நுனியில் மூன்றாகப் பிரிகிறது. சென்சாரை அதற்கு இணையாகப் பிடித்தேன். ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல், உடம்பை மட்டும் முன்னும் பின்னும் மெல்ல அசைத்தேன். அடி முதல் நுனி வரை தண்டு முழுவதும் துல்லியமாக வந்திருக்கிறது. பின்னால் இதழ்கள் கரைந்து பச்சையும் மஞ்சளுமாக நிற்கின்றன. ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது.

நவம்பர் 1

காற்று. பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு, பூக்காம்பை வாழைநாரால் தளர்வாகக் கட்டினேன். ஷட்டர் 1/320 நொடி. கொஞ்சம் தேறியது.

நவம்பர் 2

மஞ்சளும் சிவப்பும் பாதிப் பாதி. வெயில் சுள்ளென்று அடித்ததால் வெள்ளை மல் துணியைப் பூவுக்கு மேலே பிடிக்க ஆள் தேவைப்பட்டது. வயலில் மகரந்தம் தொட்டுவைத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் வந்து பிடித்தார். சூல்தண்டு அப்படி விலகி நிற்பதால் பூவின் மகரந்தம் அதன் நுனியிலுள்ள சூல்முடியில் எளிதில் படாது. விதை நன்றாகப் பிடிக்க வேண்டுமென்று கையாலேயே தொட்டுவைக்கிறார்கள். நான் மூன்று நாள் முன்பு லென்ஸ் வழியாகப் பார்த்ததை அவர் தினமும் வெறுங்கண்ணால் பார்த்து வேலை செய்கிறார்.

போகும்போது, "அம்மிணி, கையக் கழுவிப்போட்டுச் சோறுண்ணுங்க, இது பூராத்தும் வெசம்" என்றார். உண்மைதான். செடி முழுக்க கோல்ச்சிசின் என்ற நச்சு இருக்கிறது; கிழங்கிலும் விதையிலும் ரொம்ப. விதைக்கு விலை கிடைப்பதும் அதே கோல்ச்சிசினால்தான், கீல்வாத மருந்துக்குப் போகிறது.

நவம்பர் 5

முழுச் சிவப்பு. சிவப்பு பொல்லாத நிறம். மொத்த வெளிச்சம் சரியாக இருப்பதாகக் கேமரா காட்டும். ஆனால் சிவப்புச் சேனல் மட்டும் நிரம்பி வழிந்து, இதழின் நரம்பெல்லாம் ஒரே பூச்சாகிவிடும். அதனால் ஹிஸ்டோகிராமில் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) சிவப்பைத் தனியாகப் பார்த்து, வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் அளவுக்குக் குறைத்தேன்; ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைல்தான், சந்தேகமே இல்லை.

மேகத்தடியில் இந்தச் சிவப்பு மங்கிப் போகிறது. அதற்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வர வேண்டும். ஐந்து மணி வெயிலில் பூவுக்குக் கிழக்கே உட்கார்ந்தேன். ஒளி இதழுக்குள் புகுந்து வந்தது. நரம்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மகரந்தப் பைகள் மட்டும் இருண்டு நின்றன. என் பக்கம் ஒரு தெர்மாகோல் துண்டைச் சாய்த்து வைத்ததும் அவையும் மஞ்சளாக எழுந்தன. பச்சைக்கு மேகம், இந்தச் சிவப்புக்குச் சாயுங்கால வெயில். மாமா வீட்டுத் திண்ணையில் மாட்ட இன்றைய படத்தைத்தான் பிரிண்ட் போடப் போகிறேன்.