லேப் கணினியில் ஜிசிசி கட்டும்போது கூட வரும் நூலகங்கள்

மதுரைக் கல்லூரி லேப்பில் ரூட் (நிர்வாகி) அனுமதி இல்லாமல் ஜிசிசி என்ற சி/சி++ கம்பைலரை மூலநிரலிலிருந்து கட்டப்போகும் மாணவர்களுக்கு இது.

அதற்கு ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி என்ற மூன்று கணித நூலகங்களும் கட்டாயம். நான்காவதான ஐஎஸ்எல், ஜிசிசியின் 'கிராஃபைட்' எனும் லூப் மேம்பாட்டுக்கு மட்டும் தேவை. இவற்றை ஹோம் கோப்புறையில் தனியாக நிறுவி கான்ஃபிகர் ஸ்கிரிப்டுக்கு 'வித்-ஜிஎம்பி' என்று பாதை கொடுக்கும் இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். லிங்க் ஆகிவிடும்; ஓடும்போது சிசி1 (ஜிசிசிக்குள் சி நிரலை மொழிபெயர்க்கும் பகுதி) அந்தப் பகிர்வு நூலகத்தைக் கண்டுபிடிக்காது. ஜிசிசியின் துணை நூலகமான லிப்ஜிசிசியைக் கட்டும் கட்டத்தில் 'ஆப்ஜெக்ட் கோப்பின் பின்னொட்டைக் கணிக்க முடியவில்லை' என்று சம்பந்தமே இல்லாத பிழை வரும். உண்மைக் காரணத்தை லிப்ஜிசிசி கோப்புறையின் கான்ஃபிக்.லாக் பதிவுக் கோப்பில் தேடுங்கள்.

மூலக் கோப்புறையின் உச்சியில் நின்று 'கான்ட்ரிப்/டவுன்லோட்_ப்ரீரெக்விசிட்ஸ்' ஸ்கிரிப்டை ஓட்டுவதே என் பரிந்துரை. நான்கையும் இறக்கி, செக்சம் பார்த்து (கோப்பு சிதையவில்லை என்று சரிபார்த்து), சிம்லிங்க் (கோப்புறைக்கான குறுக்குவழி இணைப்பு) போடும். ஜிசிசியோடு சேர்ந்தே ஸ்டாட்டிக்காக (ஜிசிசிக்குள்ளேயே அடங்கும்படி) கட்டப்படும், பாதைச் சிக்கலே கிடையாது. லேப்பில் இணையம் இல்லையென்றால் அதே ஜிசிசி பதிப்பில் வீட்டில் ஓட்டி, டார் கோப்புகளை மட்டும் பென்டிரைவில் கொண்டுவந்து அதே இடத்தில் போடுங்கள். பிறகு லேப்பிலும் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள்; இருப்பதை அது மறுபடி இறக்காது. விரித்த கோப்புறையையே நகலெடுக்காதீர்கள். ஃபேட் வடிவப் பென்டிரைவில் சிம்லிங்க் தங்காது.

கான்ஃபிகரை மூலக் கோப்புறைக்கு வெளியே தனிக் கோப்புறையில் ஓட்டுங்கள். 32 பிட் நூலகங்கள் இல்லாவிட்டால் 'டிஸேபிள்-மல்டிலிப்' சேருங்கள்.