பூவில் தவறவிட்டது வயலில் தெரிந்தது: ஒரு சர்க்கரை பீட் ரகம் பதிவான அனுபவம்

கோயம்புத்தூரில் பயிர் இனப்பெருக்கம் படித்த நாட்களில் எங்களுக்குச் சர்க்கரை என்றால் கரும்புதான். 1912-இல் தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்கு நிறுவனத்துக்கு அடிக்கடி போய்வந்தோம். கோ 86032 போன்ற நல்ல ரகம் ஒன்றை ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டால், பிறகு அதன் கரணையை வெட்டி நட நட அதே ரகம் மாறாமல் வந்துகொண்டே இருக்கும் என்பது எங்களுக்குப் பாலபாடம். அந்தப் பாடத்தோடு 2012-இல் ஜெர்மனியின் கீழ்ச் சாக்சனி மாநிலத்தில், சர்க்கரை பீட் ரகங்களை உருவாக்கும் ஒரு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பீட்டில் கரணை என்று ஒன்று கிடையாது. உழவர் ஆண்டுதோறும் புதிய வீரிய ஒட்டு விதையை வாங்கி விதைக்கிறார்; ஆகவே அங்கே ரகம் என்பது ஒவ்வொரு முறையும் பெற்றோர் வழிகளை, அதாவது பண்பு மாறாமல் நிலைநிறுத்திய தாய், தந்தைச் செடி மரபுகளை, சேர்த்து மீண்டும் உண்டாக்கித் தர வேண்டிய ஒன்று. இந்த வேறுபாட்டைப் புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால் அதன் முழுப் பொருளும் எனக்கு விளங்கியது, என் பொறுப்பில் இருந்த ஒரு ரகம் பதிவுச் சோதனைக்குப் போகும் முன்பே ஓராண்டை இழந்தபோதுதான்.

சர்க்கரை பீட் நம் சமையலறைச் சிவப்பு பீட்ரூட்டின் உறவுதான். கிழங்கு வெள்ளையாக, கூம்பு வடிவில், ஒரு கிலோ அளவுக்கு வளரும். அது ஈராண்டுப் பயிர். முதல் ஆண்டில் இலையும் கிழங்கும் மட்டும் வளரும். குளிர்காலத்தைக் கடந்த பிறகு இரண்டாம் ஆண்டில்தான் பூத்தண்டு எழும்பும். ஆலைக்குக் கிழங்கு வளர்ப்பவருக்கு இது வசதி. ரகம் உருவாக்குபவருக்கோ ஒரு தலைமுறையைக் கடக்கவே நீண்ட காத்திருப்பு. ஆகஸ்டில் நெருக்கமாக விதைத்துச் சுண்டுவிரல் பருமனுள்ள நாற்றுக் கிழங்குகளை எடுத்து, ஐந்து டிகிரி அளவுக் குளிர் அறையில் மூன்று மாதம் போல வைத்திருந்து, வசந்தத்தில் நட்டால் ஜூனில் பூக்கும், ஆகஸ்டில் விதை முற்றும். குளிர் அறைக் கதவைத் திறந்து அந்தக் கிழங்குகள் அழுகாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பதே என் முதல் குளிர்காலத்து வேலையாக இருந்தது.

வீரிய ஒட்டு விதைக்கு ஆண் மலட்டுத் தாய்வழி, அதாவது தன் மகரந்தத்தால் தானே கருவுற முடியாத தாய்வழி, வேண்டும். பீட்டின் பூ மிகச் சிறியது. அதில் கையால் மகரந்தப்பையை நீக்கி வணிக அளவில் விதை எடுப்பது நடவாத காரியம். 1940-களில் அமெரிக்காவில் ஓவன் என்ற ஆய்வாளர் சைட்டோபிளாசம் (செல்லில் உட்கருவுக்கு வெளியே உள்ள பகுதி) வழியாக வரும் ஆண் மலட்டுத் தன்மையைக் கண்டறிந்தார். உலகின் பீட் ஒட்டு விதைகள் பெரும்பாலும் இன்றும் அதை நம்பியே இருக்கின்றன. மற்றொரு திருப்பம் 1948-இல் வந்தது. பீட்டின் விதை எனப்படுவது உண்மையில் இரண்டு மூன்று பூக்கள் ஒட்டி வளர்ந்த ஒரு கொத்து. ஒன்றை விதைத்தால் பல நாற்றுகள் முளைக்கும், அவற்றைக் குனிந்து ஒவ்வொன்றாகக் கலைக்க வேண்டும். சாவிட்ஸ்கி என்பவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து விதை வயலில், பூக்கள் தனித்தனியாக அமைந்து ஒரு விதைக்கு ஒரே நாற்றுத் தரும் செடிகளைத் தேடிக் கண்டெடுத்தார். களைக்கொத்தும் கையுமாக ஐரோப்பிய உழத்தியர் வயலில் நாட்கணக்கில் தவழ்ந்த வேலை ஒழிந்ததற்கு அந்த ஒருமுளைச் செடிகளே காரணம். எங்கள் பெண்வழி அந்த ஒருமுளைப் பண்பும் ஆண் மலட்டுத் தன்மையும் சேர்ந்தது. விதைக் கொத்தின் வடிவத்தைத் தாய்ச்செடியே தீர்மானிப்பதால், ஆண்வழி பல்முளையாக இருந்தாலும் பாதகமில்லை.

நான் சேர்ந்தபோது எங்கள் ஆண்வழி தயாராகிக்கொண்டிருந்தது. அதன் சிறப்பு, ரைசோமேனியா நோய்க்கு எதிரான ஆர்.இசட்.1 என்ற மரபணு. கிரேக்கத்தில் வேர்ப்பித்து என்று பொருள்படும் இந்த நோய் 1950-களில் இத்தாலியில் அடையாளம் காணப்பட்டது. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர் அந்த வைரஸை வேருக்குள் கொண்டுசேர்க்கிறது; பக்கவேர்கள் தாடிபோல் அடர்ந்து, கிழங்கு சிறுத்து, சர்க்கரை வீழ்ந்துவிடும். அந்த நுண்ணுயிரின் வித்துகள் பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடப்பதால் பயிர்ச் சுழற்சி உதவாது, மருந்தும் இல்லை. எதிர்ப்புத் திறனை விதைக்குள்ளேயே வைத்து உழவர் கையில் தருவதைத் தவிர வேறு வழியில்லை என்பதால், அதைச் சரியாகச் செய்வது எங்கள் கடமை என்று நினைத்தேன். இப்போதும் அப்படியே நினைக்கிறேன்.

முதல் மூன்று பருவங்கள் சோதனை ஒட்டுகளிலேயே கழிந்தன. மார்ச் இறுதியில் மூன்று வரிசைத் திடல்களில் விதைத்து, இலையுதிர் காலத்தில் அறுவடை செய்து, கழுவி, எடை பார்த்து, வட்ட ரம்பங்களால் கிழங்குகளை ஊடறுத்து, அதிலிருந்து தெறிக்கும் கூழை ஆய்வகத்துக்கு அனுப்புவோம். அந்தக் கூழில் நான்கு அளவுகள் பார்க்கப்படும்: சர்க்கரை, பொட்டாசியம், சோடியம், அமினோ நைட்ரஜன். பின்னவை மூன்றும் ஆலையில் சர்க்கரையைப் படிகமாக விடாமல் பாகுக்கழிவிலேயே பிடித்து வைக்கின்றன. பொட்டாசியத்தையும் சோடியத்தையும் கூட்டி 0.12-ஆல் பெருக்கி, அமினோ நைட்ரஜனை 0.24-ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டி 0.48-ஐச் சேர்த்தால் பாகில் போகும் சர்க்கரையின் அளவு கிடைக்கும் என்பது பிரவுன்ஷ்வைக் வாய்பாடு. சர்க்கரை விழுக்காட்டிலிருந்து அதையும், ஆலையின் பிற இழப்புகளுக்காக 0.6-ஐயும் கழித்தால் மிஞ்சுவதே ஆலை உண்மையில் எடுக்கக்கூடிய சர்க்கரை.

முதல் அறுவடையில் கை நிறையப் பருத்த கிழங்குகளைத் தந்த ஓர் ஒட்டைக் கண்டு எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. ஆய்வக எண்கள் வந்தபோது அது பட்டியலின் கீழ்ப்பாதியில் இருந்தது. கிழங்கு பெருக்கப் பெருக்கச் சர்க்கரை விழுக்காடு குறைவதும், தழைச்சத்து மிகுதியாக ஏறுவதும் இந்தப் பயிரின் இயல்பு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அகார்டு என்பவர் சிலேசிய வெள்ளைப் பீட்டிலிருந்து சர்க்கரை எடுத்தபோது அதில் ஐந்தாறு விழுக்காடே சர்க்கரை இருந்தது. இன்று ஜெர்மனியில் 17, 18 விழுக்காடு என்பது இயல்பான அளவு. இந்த உயர்வு கண்ணால் பார்த்துத் தேர்ந்ததால் வந்ததன்று. ஒவ்வொரு கிழங்கையும் அளந்து அளந்து தேர்ந்ததால் வந்தது. நல்ல கிழங்கு எது என்று கண் சொல்வதை நம்பும் பழக்கத்தை அந்த ஆண்டோடு விட்டேன்.

எண்களுக்கு அப்பால் உழவர்களிடமும் கேட்க வேண்டியிருந்தது. குளிர்காலக் கூட்டங்களில் அவர்கள் கேட்டவை எங்கள் அட்டவணையில் பாதியே இருந்தன: கிழங்கின் பக்கத் தாரை ஆழமாக இருந்தால் மண் ஒட்டிக்கொள்ளும், அந்த மண்ணும் ஆலைக்கு ஏற்றிப் போகும், தலைப்பகுதி ஒரே உயரத்தில் இல்லாவிட்டால் இயந்திரம் ஒன்றை அதிகமாகச் சீவி இன்னொன்றை விட்டுவிடும், செப்டம்பர் முதல் ஜனவரி வரை ஆலை ஓடுவதால் கடைசியில் எடுத்த கிழங்கு வயலோரக் குவியலில் வாரக்கணக்கில் கிடந்து, மூச்சு விட்டபடியே சர்க்கரையைச் செலவழிக்கும். 2017 செப்டம்பரோடு ஐரோப்பியச் சர்க்கரை ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வரவிருந்த நேரம் அது. விலைக்கு இருந்த பாதுகாப்பு குறையும் என்ற கவலையில், விதைச் செலவு ஒவ்வொன்றையும் அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. மண் ஒட்டாத தன்மையைத் தேர்வு அளவுகோல்களில் சேர்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்தியதற்கு அந்தக் கூட்டங்களே காரணம்.

2015 ஜூனில் எங்கள் சிறந்த ஒட்டின் விதையைச் சற்றுப் பெரிய அளவில் எடுக்க ஒரு தனித்த வயலில் நட்டோம். பீட்டின் மகரந்தம் காற்றில் வெகுதூரம் போகும். ஆகவே பயிர் விலகு தூரத்தை, அதாவது பிற பீட் செடிகளிலிருந்து விலகியிருக்க வேண்டிய இடைவெளியை, கவனமாகக் காத்தோம். பூக்கும் வாரங்களில் பெண்வழி வரிசைகளில் நடந்து, ஒவ்வொரு செடியின் மகரந்தப்பையையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்க வேண்டும்: முழு மலட்டுச் செடியில் அது வெளுத்தோ பழுப்பேறியோ சுருங்கியிருக்கும், மஞ்சளாகப் புடைத்திருந்தால் அது கலவன், அதைப் பிடுங்க வேண்டும். முப்பது ஆண்டுகள் அங்கே வேலை பார்த்த களப்பொறுப்பாளர் அம்மையார், "ஒரு கிளையைப் பார்த்துவிட்டுப் போகாதீர்கள், வெயில் ஏறிய பிறகு பக்கக் கிளைகளில் மஞ்சள் வரும், வாரம் கழித்து மறுபடி பாருங்கள்" என்று சொல்லியிருந்தார். நான் முதல் சுற்றை முழுமையாக முடித்தேன். இரண்டாம் சுற்றில் வேறு திடல்களின் வேலை நெருக்கியதால் பாதி வரிசைகளை வரப்பிலிருந்தே பார்த்துவிட்டு, சரியாக இருப்பதாகக் குறிப்பேட்டில் எழுதினேன். அந்தக் குறிப்பை எழுதிய கை என்னுடையது.

அடுத்த ஆண்டு அந்த விதை ரைன் சமவெளியில், நோய் ஊறிய மண்ணில் சோதனைக்குப் போனது. ஜூலை இறுதியில் வயலின் விளிம்பில் நின்றபோது, கரும்பச்சை வரிசைகளுக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாக வெளிர்மஞ்சள் செடிகள் தெரிந்தன. இலைக்காம்பு நீண்டு, இலை ஒடுங்கி, நேராக நின்றன. பிடுங்கிப் பார்த்தால் கிழங்கில் தாடி. நூறு செடிகளுக்கு இரண்டோ மூன்றோதான். அவற்றின் இலைத் துணுக்குகளை ஆய்வகத்தில் பார்த்தபோது ஆர்.இசட்.1 இல்லை. ஆண்வழியிலிருந்து வர வேண்டிய மரபணு இல்லையென்றால் அந்த விதைக்கு ஆண்வழி தந்தையன்று. பெண்வழி வரிசைக்குள்ளேயே பாதி வளத்தோடு இருந்த சில செடிகள் மகரந்தம் உதிர்த்து அக்கம்பக்கத்துச் செடிகளைக் கருவுறச் செய்திருந்தன. வீரியமும் இல்லாமல் எதிர்ப்பும் இல்லாமல் பிறந்த விதைகள் அவை. நான் வரப்பிலிருந்து பார்த்த வரிசைகள் ஓராண்டு கழித்து மஞ்சளாக எழுந்து நின்றன.

அந்த மாலையே என் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு அம்மையாரிடமும் மேலாளரிடமும் நடந்ததைச் சொன்னேன். 2017 பருவத்துக்கான பதிவு விண்ணப்பத்தை நிறுத்திவைத்தோம். ஆகஸ்டிலேயே புதிய நாற்றுக் கிழங்குகளை விதைத்தோம். 2017 ஜூனில் பெண்வழி வரிசை ஒவ்வொன்றையும் நான்கு சுற்று, இரண்டு பேர், ஒருவர் பார்த்ததை மற்றவர் அறியாதபடி பார்த்தோம். அறுவடையான விதையிலிருந்து நாற்று எழுப்பி, ஒவ்வொரு நாற்றிலும் மரபணு இருக்கிறதா என்று பார்த்த பிறகே மூட்டை கட்டினோம். இந்த நாற்றுச் சோதனை முன்பே வழக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இப்போது எங்கள் நிலையத்தில் அது இல்லாமல் எந்த விதையும் வெளியே போவதில்லை.

ஹனோவரில் உள்ள கூட்டாட்சித் தாவர ரக அலுவலகத்தில் விண்ணப்பிப்பது காகித அளவில் கடினமான வேலையன்று. இரண்டு தேர்வுகள் உண்டு. ரகம் பிறவற்றிலிருந்து வேறுபட்டதா, சீரானதா, நிலையானதா என்று பார்ப்பது ஒன்று. பயிரிடவும் பயன்படுத்தவும் தகுதியுள்ளதா என்று, ஏற்கெனவே புழக்கத்திலுள்ள ஒப்பீட்டு ரகங்களோடு சேர்த்துப் பல இடங்களில் இரண்டு பருவங்கள் வளர்த்துப் பார்ப்பது மற்றொன்று. விதையை ஒப்படைத்த பிறகு நம்மால் செய்யக்கூடியது எதுவுமில்லை. எங்களுக்கு வாய்த்த முதல் பருவம் 2018, மறக்க முடியாத வறட்சி ஆண்டு. நண்பகலில் இலைகள் மண்ணோடு மண்ணாகச் சாய்ந்து கிடந்தன; கிழங்கு எடை குறைந்து, சர்க்கரை விழுக்காடு உயர்ந்தது. இப்படிப்பட்ட ஆண்டில் ஒரு ரகத்தின் உண்மையான தரம் வெளிப்படுமா என்று அஞ்சினேன். ஆனால் ஒப்பீட்டு ரகங்களும் அதே வெயிலில்தான் நின்றன. 2019-உம் வறண்டே போனது. இரண்டு பருவங்களிலும் எடுக்கக்கூடிய சர்க்கரையில் எங்கள் ரகம் ஒப்பீட்டு ரகங்களுக்குச் சற்று மேலே நின்றது. அடுத்த விதைப்புக்கு முன் அது பதிவு பெற்ற ரகங்களின் பட்டியலில் ஏறியது என்ற கடிதம் வந்தபோது, அம்மையார் ஓய்வு பெற்று இரண்டு மாதமாகியிருந்தது. தொலைபேசியில் சொன்னேன். பெண்வழியின் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

பதிவு முடிந்தபின் விதைப் பெருக்கம் தென்மேற்குப் பிரான்ஸுக்கும் வட இத்தாலிக்கும் போனது. குளிர்காலம் பூக்கத் தூண்டும் அளவுக்குக் குளிர்ந்தும் செடியைக் கொல்லாத அளவுக்கு மிதமாகவும் இருக்கும் இடங்கள் அவை. அங்கே வரப்புகளில் தானாக முளைக்கும் காட்டு பீட்டின் மகரந்தம் கலந்தால் முதல் ஆண்டிலேயே பூத்தண்டு எழுப்பும் செடிகள் பிறக்கும் என்பதால், சுற்றுவட்டாரத்தையே நடந்து களைய வேண்டும். பூத்து முடிந்ததும் ஆண்வழி வரிசைகளை அழித்துவிட்டு, பெண்வழியில் மட்டும் அறுத்து, தேய்த்து, தரம் பிரித்து, முலாம் பூசி உருண்டையாக்கி, ஒரு லட்சம் விதை கொண்ட பெட்டிகளில் அடைத்தார்கள்.

ஐந்தாறு ஆண்டுகளில் ஒரு ரகம் சந்தையிலிருந்து விலகுவது இத்துறையில் வழக்கம். எங்களுடையதற்கும் அந்தக் காலம் நெருங்கிவிட்டது. தெற்கே ஹைல்பிரான் பகுதியில் நாணல் தத்துப்பூச்சி பரப்பும், சர்க்கரை விழுக்காட்டையே குறைக்கும் நோய் வடக்கு நோக்கி நகர்ந்துவருகிறது, அதற்கு எங்கள் ரகத்தில் போதிய தாங்குதிறன் இல்லை. சென்ற இலையுதிர் காலத்தில் அந்தப் பகுதித் திடல்களில் ஓரளவு தாங்கிய சில வழிகளின் கிழங்குகளைக் கொண்டுவந்திருக்கிறோம். அவை இப்போது குளிர் அறையில் இருக்கின்றன. ஏப்ரலில் நட வேண்டும்.